இருக்க வந்தேன்: ஆங்கிலத்தில் நோக்கம் சொல்லும் ஒரு சிறு சொல்

2004 ஜூலையில் என் அம்மா முதல் தடவையாக இங்கிலாந்துக்கு வந்தாள். விமானம் நேரத்துக்கே இறங்கிவிட்டது. நானும் மனைவியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தோம். சென்னை விமானத்தில் வந்தவர்கள் முறுக்கு டப்பாக்களும் கயிறு கட்டிய பெட்டிகளுமாக ஒவ்வொருவராக வெளியே வந்து, அவரவர் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தார்கள். அம்மா மட்டும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து என் கைப்பேசி அடித்தது. குடிவரவு அதிகாரி ஒருவர் பேசினார். "உங்கள் தாயார் உங்களோடு வாழ வந்திருப்பதாகச் சொல்கிறார். அவரிடம் இருப்பதோ வருகையாளர் விசா. கொஞ்சம் விளக்க முடியுமா?" என்றார்.

விளக்கினேன். ஆறு வாரத்தில் திரும்ப டிக்கெட் இருக்கிறது, ஊரில் சொந்த வீடு இருக்கிறது, ஓய்வூதியம் வருகிறது, என் அண்ணன் இருக்கிறான் என்று வரிசையாகச் சொன்னேன். மேலும் நாற்பது நிமிடம் கழித்து அம்மா வந்தாள். முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"என்னடா தப்பாச் சொல்லிட்டேன்? எதுக்கு வந்தேன்னு அந்தப் பொண்ணு கேட்டா. 'ஐ கேம் டு லிவ் வித் மை சன்'னேன். அதுல இலக்கணப்படி ஒரு பிழை சொல்லு பார்ப்போம்!"

அம்மா கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். அவளுக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்த அம்மாள் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றாராம். அதே கேள்விக்கு அவர், "ஃபார் சீயிங் மை டாட்டர்" என்று சொன்னாராம். உடனே முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்களாம். "'ஃபார் சீயிங்'னு எழுதினா நான் அரை மார்க் குறைப்பேன். அவங்களை விட்டுட்டு என்னை உட்கார வச்சுட்டா!"

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பிறகு யோசிக்க யோசிக்க, அம்மாவின் கேள்வி லேசானதல்ல என்று தோன்றியது. பிழையான வாக்கியம் உள்ளே போய்விட்டது. பிழையற்ற வாக்கியம் வெளியே நின்றது. ஏன்? அன்றிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் அடங்கும் அந்த 'டு'வை நான் கவனித்துக்கொண்டு வருகிறேன். அப்படிக் கவனித்ததை, ஆங்கிலத்தில் பிழைப்பு நடத்திக்கொண்டு தமிழில் நினைக்கிறவர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பக்கத்து இருக்கை அம்மாளின் 'ஃபார் சீயிங்'கைப் பார்ப்போம். இது தமிழர்கள் அடிக்கடி செய்யும் பிழை. நானும் செய்திருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. தமிழில் நோக்கத்தைச் சொல்ல நமக்குப் பல வழிகள் இருக்கின்றன. 'மகளைப் பார்க்க வந்தேன்', 'மகளைப் பார்ப்பதற்கு வந்தேன்', 'மகளைப் பார்ப்பதற்காக வந்தேன்', 'மகளைப் பார்க்கலாம் என்று வந்தேன்' எல்லாமே சரி. இவற்றில் 'பார்ப்பதற்காக' என்பதில் உள்ள 'ஆக' நம்மை 'ஃபார்' என்ற சொல்லிடம் கொண்டுபோய் விடுகிறது. 'எனக்காக' என்றால் 'ஃபார் மீ'. ஆகவே 'பார்ப்பதற்காக' என்றால் 'ஃபார் சீயிங்'தானே என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

கணக்கு தப்பு. ஆங்கிலத்தில் ஒரு மனிதர் ஒரு காரியத்தை ஏன் செய்தார் என்று சொல்ல 'டு' வேண்டும்: 'ஐ கேம் டு சீ மை டாட்டர்'. பின்னால் வருவது வினையாக இல்லாமல் பெயர்ச்சொல்லாக இருந்தால் 'ஃபார்' வரலாம். கடைக்குப் 'பாலுக்காக'ப் போனால் 'ஃபார் மில்க்'. 'பால் வாங்க'ப் போனால் 'டு பை மில்க்'. 'ஃபார் பையிங் மில்க்' என்று எந்த ஆங்கிலேயரும் கடைக்குப் போவதில்லை.

அப்படியானால் 'ஃபார்' என்பதோடு 'இங்' சேர்ந்த வடிவம் ஆங்கிலத்தில் எதற்கு இருக்கிறது? இரண்டு வேலைகளுக்கு. ஒன்று, ஒரு பொருளின் பயன்பாட்டைச் சொல்ல. இந்தக் கத்தி ரொட்டி வெட்ட என்றால் 'ஃபார் கட்டிங் பிரெட்'. இரண்டாவது வேலைதான் முக்கியம். அது நோக்கத்தை அல்ல, காரணத்தைச் சொல்லும். 'தேங்க் யூ ஃபார் கமிங்' என்கிறோம். வந்தாகிவிட்டது, அதற்கு நன்றி. வேகமாக வண்டி ஓட்டியதற்கு அபராதம் என்றால் 'ஃபார் ஸ்பீடிங்'. திருடியதற்குக் கைது என்றால் 'ஃபார் ஸ்டீலிங்'. எல்லாமே நடந்து முடிந்தவை. மனிதர்கள் செய்யும் காரியங்களைப் பொறுத்தவரை, 'ஃபார்' போட்ட வினை முதுகுக்குப் பின்னால் பார்க்கிறது. 'டு' போட்ட வினை கண்ணுக்கு முன்னால் பார்க்கிறது.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. தோட்டத்தில் புல் வெட்டும் பையனுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். 'ஐ பெய்ட் ஹிம் டு கட் த கிராஸ்' என்றால், வெட்டுவதற்கென்று கொடுத்தீர்கள். அவன் வெட்டினானா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. 'ஐ பெய்ட் ஹிம் ஃபார் கட்டிங் த கிராஸ்' என்றால், அவன் வெட்டி முடித்தான், அதற்குக் கூலி கொடுத்தீர்கள். ஒன்றில் நம்பிக்கை இருக்கிறது, மற்றதில் ரசீது இருக்கிறது. தமிழில் 'வெட்ட' என்றும் 'வெட்டியதற்கு' என்றும் நாம் அழகாகப் பிரித்துச் சொல்கிற அதே வித்தியாசம்தான். 'வெட்டியதற்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஃபார்', 'வெட்ட' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டு' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

இந்த 'டு' எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. 'ஐ வென்ட் டு லண்டன்' என்பதில் வருகிற 'டு'வும், 'ஐ வென்ட் டு சீ' என்பதில் வருகிற 'டு'வும் ஒரே சொல்தான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வினையின் வெறும் எச்ச வடிவம் 'அன்' என்று முடியும். அதற்கு முன்னால் 'நோக்கி' என்று பொருள்படும் 'டோ' சேரும்போது வினை வேற்றுமை உருபு ஏற்று, 'அன்னெ' அல்லது 'என்னெ' என்று ஈறு மாறும். அந்த வேற்றுமை, நம்முடைய நான்காம் வேற்றுமைக்கு இணையானது. அதாவது 'லண்டனுக்கு' என்பதில் உள்ள 'கு'வும், 'பார்ப்பதற்கு' என்பதில் உள்ள 'கு'வும் எப்படி ஒன்றோ அப்படித்தான் அதுவும். போகிற ஊரும் ஒரு திசை, செய்ய நினைக்கிற காரியமும் ஒரு திசை. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

1066இல் நார்மானியர் படையெடுத்த பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் ஆங்கில வினைகளின் ஈறுகள் தேய்ந்து உதிர்ந்துவிட்டன. அந்தத் தேய்மானம் முன்பே தொடங்கியிருந்தது. ஈறு போனதும், 'இது வினையெச்சம்' என்று காட்டுகிற முழு வேலையும் 'டு'வின் தலையில் விழுந்தது. விரும்ப, தொடங்க, முயல என்று நோக்கம் இல்லாத இடங்களிலும் அது வந்து உட்கார்ந்தது. எல்லா இடத்திலும் வருகிற சொல்லுக்குத் தனிப் பொருள் மங்கிவிடுமல்லவா? அப்போது நோக்கத்தை அழுத்திச் சொல்ல மக்கள் 'ஃபார் டு' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். 1400இல் இறந்த சாசரின் கவிதைகளில் இது சர்வசாதாரணம். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பேச்சு வழக்கில் பிற்காலத்திலும் அது உயிரோடு இருந்ததை மொழியியலாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். பொது ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்தது. இன்று அந்த அழுத்தத்துக்கு 'இன் ஆர்டர் டு', 'ஸோ ஆஸ் டு' என்று வேறு முட்டுகள் இருக்கின்றன.

நம் மொழிக்கும் இதே கதைதான். தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளைப் பட்டியலிடும்போது செய்யியர், செய்யிய, செயற்கு என்று நோக்கப் பொருளுக்கே உரிய வடிவங்களைத் தருகிறது. நன்னூல் வான், பான், பாக்கு என்ற ஈறுகளையும் சேர்த்துக்கொள்கிறது. 'காண்பான் வந்தான்' என்றால் 'காண வந்தான்' என்று பொருள். இந்த ஈறுகளெல்லாம் இன்று புலவர் வகுப்போடு நின்றுவிட்டன. 'செய' என்ற வாய்பாடு மட்டும் எல்லா வேலையையும் தலையில் ஏற்றுக்கொண்டது. அதுவும் போதாதென்று 'செய்வதற்கு' வந்தது; அதுவும் போதாமல் 'செய்வதற்காக' வந்தது. நோக்கத்தைச் சொல்லும் உருபு பழகப் பழகத் தேயும், மொழி ஒரு முட்டுக்கொடுக்கும், அந்த முட்டும் தேயும். சாசரின் 'ஃபார் டு'வும் நம்முடைய 'அதற்காக'வும் ஒரே தேவையில் பிறந்த பிள்ளைகள்.

ஆகவே 'ஃபார் சீயிங்' என்று சொன்ன அம்மாளை நான் கேலி செய்ய மாட்டேன். அவர் நோக்கத்தை அழுத்திச் சொல்ல நினைத்தார், அவ்வளவுதான்.

ஆங்கில அன்றாட வாழ்க்கையில் இந்த 'டு'வைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது. அவசர வழிக் கதவுகளில் 'புஷ் பார் டு ஓப்பன்' என்று பச்சையில் எழுதியிருக்கும். தமிழில் 'திறக்கக் கம்பியைத் தள்ளவும்' என்போம். நாம் நோக்கத்தை முதலில் சொல்லிக் காரியத்தைப் பிறகு சொல்கிறோம். அவர்கள் காரியத்தைச் சொல்லிவிட்டு நோக்கத்தைச் சொல்கிறார்கள். தீப்பிடித்த நேரத்தில் முதலில் கண்ணில் படவேண்டியது 'தள்ளு' என்பதுதான் என்று ஒரு நண்பர் ஆங்கிலத்துக்காக வாதாடினார். நியாயம்தான். நோக்கத்தை முன்னால் வைக்க ஆங்கிலத்திலும் இடமுண்டு. இயந்திரங்களோடு வரும் கையேடுகளில் 'டு ஓப்பன் த லிட்...' என்று தொடங்கும். எதற்கு என்று தெரிந்துகொண்டு தேடுகிறவருக்கு அதுதான் வசதி.

கடிதங்களிலும் அப்படியே. 'ஐ ஆம் ரைட்டிங் டு ஆஸ்க்', 'ஐ ஆம் காலிங் டு கம்ப்ளெயின்' என்று தொடங்கினால், என்ன வேண்டும் என்பது முதல் வரியிலேயே எதிராளிக்குத் தெரிந்துவிடும். நாம் நலம் விசாரித்து, சூழ்நிலையை விளக்கி, கடைசி வரியில் விஷயத்துக்கு வருவோம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது.

வீடு தேடி அலைந்த முதல் மாதத்தில் தெருவெங்கும் 'டு லெட்' பலகைகள் இருந்தன. குறும்புக்காரப் பையன்கள் நடுவில் ஓர் 'ஐ' எழுதி அதை 'டாய்லெட்' ஆக்கியிருப்பார்கள். எனக்கு அந்தப் பலகை பிடித்திருந்ததற்குக் காரணம் வேறு. 'லெட்' என்றால் விடு. போகவிடு என்பதற்கும் அதே சொல், வாடகைக்கு விடு என்பதற்கும் அதே சொல். தமிழிலும் அப்படித்தானே! 'வாடகைக்கு விட' என்று நான் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே நடப்பேன்.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் 'டு'வில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. 'உட்கார ஒரு நாற்காலி', 'எழுத ஒரு பேனா' என்கிறோம். ஆங்கிலத்தில் 'எ சேர் டு சிட்' என்று நிறுத்தினால் காதுக்கு ஏதோ குறையும். 'எ சேர் டு சிட் ஆன்', 'எ பென் டு ரைட் வித்' என்று முடிக்க வேண்டும். நாற்காலி'யில்' உட்காருகிறோம், பேனா'வால்' எழுதுகிறோம் என்ற வேற்றுமையைத் தமிழ் சொல்லாமலே புரிந்துகொள்கிறது. ஆங்கிலம் அதைக் கடைசியில் வாலாகத் தொங்கவிடுகிறது.

இன்னொரு கண்ணி, யார் செய்கிறார்கள் என்பது. 'குழந்தை தூங்கத் தொட்டிலை ஆட்டினேன்' என்பதில் ஆட்டியது நான், தூங்குவது குழந்தை. 'செய' என்ற வாய்பாடு இதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும். 'செய்து' என்ற வாய்பாட்டுக்கு எச்சத்துக்கும் முற்றுக்கும் வினைமுதல் ஒன்றாக இருக்க வேண்டும், 'செய' என்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று நம் இலக்கணிகள் பிரித்துவைத்திருக்கிறார்கள். ஆங்கில 'டு'வுக்கு இந்தத் தாராளம் கிடையாது. வேறு ஆள் சொல்லப்படவில்லை என்றால், வாக்கியத்தின் எழுவாய்தான் அதையும் செய்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, பூனை உள்ளே வரக் கதவைத் திறந்துவைத்தேன் என்று சொல்ல நினைத்து, 'ஐ ஓப்பன்ட் த டோர் டு கம் இன்சைட் த கேட்' என்றார். பூனைக்கு உள்ளே இவர் நுழைவது போல ஆகிவிட்டது. வேறு ஆள் வருகிறபோது 'ஃபார்' உதவிக்கு வரும்: 'ஃபார் த கேட் டு கம் இன்'. இங்கே 'ஃபார்' ஆளைச் சொல்கிறது, 'டு' நோக்கத்தைச் சொல்கிறது. இரண்டும் அவரவர் வேலையைப் பார்க்கின்றன.

எதிர்மறையிலும் கவனம் தேவை. 'குழந்தை எழுந்துவிடாமல் இருக்க மெல்ல நடந்தேன்' என்பதற்கு வெறும் 'நாட் டு வேக்' போதாது. 'ஸோ ஆஸ் நாட் டு வேக் த பேபி' என்றோ, 'இன் ஆர்டர் நாட் டு' என்றோ முட்டுக் கொடுத்தே தீரவேண்டும்.

இதெல்லாம் நடை பிசகுகள். கேட்பவர் சிரித்துக்கொண்டு புரிந்துகொள்வார். ஆனால் இடம் மாறினால் ஆளையே கவிழ்க்கக்கூடிய ஒன்று உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம். அவருக்குக் கொடுத்த மாத்திரை வறட்டு இருமலைக் கொண்டுவந்தது. சில ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு அந்தக் குணம் உண்டு. பெரியவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து செவிலியர் தொலைபேசியில் விசாரித்தபோது, 'ஐ ஸ்டாப்ட் டு டேக் த டேப்லட்' என்றார். மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னதாக அவர் நினைப்பு. செவிலியர் காதில் விழுந்தது வேறு: செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினேன், எதற்கு? மாத்திரை சாப்பிட. 'குட்' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அடுத்த முறை நேரில் போனபோது அழுத்தம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிட்டும் இப்படி என்றால் அளவைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்த பிறகுதான், கூடப்போன மகள் விஷயத்தைக் கண்டுபிடித்தாள்.

'ஸ்டாப்' என்ற வினைக்குப் பின்னால் 'இங்' வந்தால் அது நிறுத்தப்பட்ட காரியம். 'டு' வந்தால் அது நிறுத்தியதற்கான நோக்கம். 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றவர் சிகரெட்டை விட்டவர். 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றவர் சிகரெட் பிடிக்க வண்டியை ஓரம் கட்டியவர். 'ரிமெம்பர்' என்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். 'ரிமெம்பர் டு லாக்' என்றால் பூட்ட மறக்காதே. 'ரிமெம்பர் லாக்கிங்' என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. மறுபடியும் அதே கணக்கு: 'டு' இனி நடக்கவேண்டியதைப் பார்க்கிறது, 'இங்' நடந்ததையோ நடந்துகொண்டிருந்ததையோ பார்க்கிறது.

'டு' முன்னால் பார்க்கிறது என்றேன். அதனாலேயே அது எதையும் உறுதி செய்வதில்லை. 'ஐ வென்ட் டு சீ த டாக்டர்' என்று சொல்லிவிட்டு, 'அவர் இல்லை' என்று தாராளமாகச் சேர்க்கலாம். டாக்டரைப் பார்க்கப் போனேன், அவர் இல்லை. இதில் முரண் எதுவும் கிடையாது. 'ஐ வென்ட் அண்ட் ஸா த டாக்டர்' என்று சொன்னால் அப்புறம் அவர் இல்லை என்று சொல்ல முடியாது. 'போய்ப் பார்த்தேன்' என்று தமிழில் சொல்லிவிட்டு அப்படிச் சொல்ல முடியாதது போலத்தான். பேச்சில் ஆங்கிலேயர்கள் 'கம் அண்ட் சீ', 'ட்ரை அண்ட் ஹெல்ப்' என்று 'டு'வுக்குப் பதில் 'அண்ட்' போடுவார்கள். அமெரிக்கர்கள் இரண்டையும் விட்டுவிட்டு 'கோ சீ' என்பார்கள். அது பேச்சின் சௌகரியம். நடந்தது என்ன என்று சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். 'அடிக்கப் போனான்' என்பதும் 'போய் அடித்தான்' என்பதும் ஒன்றா என்ன?

வேஷம் போடுகிற 'டு'வும் ஒன்று உண்டு. 'ஹி க்ரூ அப் டு பி எ டாக்டர்' என்றால், டாக்டர் ஆவதற்காக வளர்ந்தான் என்று பொருள் அல்ல. வளர்ந்து டாக்டர் ஆனான். நோக்கம் இல்லை, விளைவு. ஓடிப்போய்ப் பார்த்தால் ரயில் போய்விட்டிருந்தது என்று சொல்ல, 'ஒன்லி டு ஃபைண்ட்' என்பார்கள். ரயில் போய்விட்டதைக் கண்டுபிடிக்க யாரும் ஓடுவதில்லை. நாம் 'போய்ப் பார்த்தால்' என்பதில் வைக்கிற ஏமாற்றத்தை அவர்கள் 'ஒன்லி டு' என்பதில் வைக்கிறார்கள். நம்முடைய 'செய'வும் இப்படிப் பல வேஷம் போடும். 'மணி அடிக்கப் பிள்ளைகள் ஓடினார்கள்' என்பதில் நோக்கம் எங்கே இருக்கிறது? மணி அடித்தது, அதனால் ஓடினார்கள்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வரலாம்.

'ஐ கேம் டு லிவ் வித் மை சன்'. அம்மா சொன்னது சரி, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. 'டு' சரியான இடத்தில் இருக்கிறது, எழுவாய் சரி, காலம் சரி. ரென் அண்ட் மார்ட்டின் முழு மதிப்பெண் கொடுப்பார்கள். வந்த வினை என்ன என்பதுதான் சிக்கல். தமிழில் அவள் மனசில் இருந்தது 'மகனோடு இருக்க வந்தேன்' என்பது. 'இரு' என்ற வினை எவ்வளவு நாள் என்று கேட்பதில்லை. இரண்டு நாள் இருக்கலாம், இருபது வருஷம் இருக்கலாம். 'இருந்துட்டுப் போங்க' என்று விருந்தாளியிடமும் சொல்கிறோம், 'அவங்க மகனோட இருக்காங்க' என்று கூடவே வாழ்கிறவரைப் பற்றியும் சொல்கிறோம். ஆங்கிலம் இந்த ஒரு வினையை உடைத்து வைத்திருக்கிறது. தங்கிப் போகிறவர் 'ஸ்டே' செய்கிறார். நிலையாக இருப்பவர் 'லிவ்' செய்கிறார். ஸ்காட்லாந்தில் இன்றும் குடியிருப்பதற்கு 'ஸ்டே' என்பார்கள், இந்தியாவில் நாமும் அப்படிச் சொல்வதுண்டு. குடிவரவு மேசையில் இந்த நெகிழ்ச்சிக்கு இடமில்லை. அங்கே 'டு'வுக்குப் பின்னால் வருகிற வினைதான் உங்கள் விசாவின் வகை.

'ஃபார் சீயிங் மை டாட்டர்' என்று சொன்னவரின் வாக்கியத்தில் உருபு தவறு, வினை சரி. பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதிகாரி மதிப்பெண் போடுவதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. ஆள் திரும்பிப் போவாரா என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்திருக்கிறார். அந்த வகையில் இரண்டு பேருடைய பதிலையும் அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

இதை நான் அம்மாவுக்கு அன்றே சொன்னேன். கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை. "'லிவ்'னா உயிரோட இருக்கறதுதானே? உன்னோட இருக்கற ஆறு வாரமும் நான் உயிரோடதானே இருப்பேன்?" என்றாள். ஆசிரியையிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

2007இல் அம்மா இரண்டாவது முறை வந்தாள். இந்த முறை காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. முதலில் வெளியே வந்தவர்களில் அவளும் ஒருத்தி. காரில் ஏறி உட்கார்ந்ததும், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற மாணவி மாதிரி சொன்னாள்.

"'டு சீ மை கிராண்ட்டாட்டர். ஃபார் சிக்ஸ் வீக்ஸ்.' அவ்வளவுதான்டா சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கலை, டப்புன்னு குத்திட்டான். நோக்கத்துக்கு 'டு', கால அளவுக்கு 'ஃபார்'. சரியா?"

"சரிம்மா" என்றேன்.

பின்னிருக்கையில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே சொன்னாள்:

"மொத தடவை சொன்னதும் பொய்யில்லடா."

எனக்கு அது தெரியும். அப்பா போன பிறகு அவள் தனியாக இருந்த வீடு அது. ஆறு வாரம் என்று டிக்கெட் எடுத்தது நான்தான். பார்க்க வந்தவள் ஆறு வாரம் எங்களைப் பார்த்துவிட்டு, சொன்ன தேதியில் ஊருக்குப் போனாள். இரண்டாவது தடவை அவள் சொன்ன வாக்கியத்தில் உருபும் சரி, வினையும் சரி, விசாவும் சரி. 'இருக்க' என்ற சொல்தான் அதில் இல்லை.